மழை என்று எழுதியிருந்தது

பரப்பனேந்தலுக்கு மலை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில். அதைக் கொண்டுவந்தவர் என்று பிற்பாடு ஊரே கைகாட்டிய மாவு மில் தவசி அந்நேரம் வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கத்தில் இருந்தார். அவர் கைமேல் தலைவைத்து மகள் நாச்சி தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில், முந்தின நாள் சாயங்காலம் படித்து ஓரம் மடித்துவைத்த கதைப் புத்தகம் கிடந்தது. பக்கத்துக் கட்டிலில் எட்டு மாதக் கர்ப்பிணியான பூரணம் மட்டும் விழித்துக்கொண்டு, விடிந்து இவ்வளவு நேரமாகியும் ஜன்னலுக்கு வெயில் வரக் காணோமே என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலை மலை மறைத்துக்கொண்டிருந்தது.

அந்த ஊரில் அதற்கு முன் வெயிலை எதுவும் மறைத்ததில்லை. கிழக்கே பார்த்தால் கிழக்கு முடியும்வரை தெரியும், மேற்கே பார்த்தால் மேற்கு முடியும்வரை தெரியும். நடுவில் கரிசலும் சீமைக்கருவேலமும் வறண்டுபோன கண்மாயும்தான். கண்மாய்க்கரை ஒன்றை விட்டால் ஏறி இறங்க இடமே இல்லாததால், சைக்கிளுக்குப் பிரேக் மாட்டுவதைப் பகட்டு என்று நினைக்கிற ஜனம். மழை கடைசியாக எப்போது பெய்தது என்பதில் டீக்கடையில் தினமும் வழக்கு நடக்கும். ஒருத்தர் தன் மகள் சடங்கன்றைக்குப் பெய்ததென்பார், இன்னொருத்தர் அது மழையில்லை, வெறும் தூறல் என்பார், பேசிப் பேசி நாக்கு வறண்டு ஆளுக்கு இன்னொரு டீ சொல்வார்கள், டீக்கடைக்காரர் மட்டும் எந்தப் பக்கமும் சேரமாட்டார்.

தவசி நல்ல மனுசர். அரைக்க வருகிறவர்களின் மிளகாயில் ஒரு பொடி குறையாமல் திருப்பிக் கொடுப்பார். அவரிடம் ஊர் கண்ட ஒரே குறை ழ. அந்த எழுத்து அவர் நாக்கில் ஏறாது, ல தான் வரும். வாழைப்பழம் அவருக்கு வாலைப்பலம், கிழவி அவருக்குக் கிலவி. இதில் சிரிக்க ஊருக்கு அருகதையே கிடையாது, ஏனென்றால் ஊரே வாளப்பளம் தின்கிற ஊர். ஆனால் ள என்பது ஊரோடு சேர்ந்து செய்கிற பிழை, ல என்பது ஒத்தை ஆள் செய்கிற பிழை. அதனால் பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்க எழுந்து நின்ற நாளிலிருந்து அவரைச் சிரித்துத் தீர்த்தார்கள். மில் வைத்ததே அதற்காகத்தான் என்பாள் பூரணம். மோட்டார் ஓடுகிற சத்தத்தில் ழவா லவா என்று எவருக்குக் கேட்கும்? மகள் பிறந்தபோதும் ழ இல்லாத பெயராகத் தேடித்தான் வைத்தார்.

அப்படிப்பட்டவர் கையில் கதைப் புத்தகம் வந்தது வயிற்றுப்பிள்ளையால். நாச்சி ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்துப் பள்ளிக்கூடத்தில் பரிசாக வாங்கிவந்த தடித்த புத்தகம் அது, 'குழலியும் மூன்று வால் நரியும்' என்று பெயர். அதைப் பூரணம் படித்துக் காட்டுவதாக இருந்தது. மாதம் ஏற ஏற அவளுக்கு இரண்டு வரி படித்தாலே மூச்சு வாங்கியது. நாச்சி புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேராக மில்லுக்குப் போனாள்.

"படிச்சுக் காட்டுங்கப்பா."

"நீயேதான் எலுத்துக் கூட்டிப் படிப்பியே ஆத்தா."

"தனியாப் படிச்சா நரிக்குக் கொரலே இல்லப்பா."

தவசி மோட்டாரை நிறுத்தினார். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, முதல் வரியைப் படித்தார். முதல் வார்த்தையிலேயே குழலி குலலியாகிவிட்டாள். நிறுத்தி, மகள் முகத்தைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. "அப்புறம்?" என்றாள்.

அப்புறம் அவர் படித்தார், அவள் கேட்டாள். மழையைப் பூட்டிவைத்துவிட்ட ஒரு அரசியைத் தேடிப் போகிற சிறுமி, அவளுக்குத் துணையாக மூன்று வால் கொண்ட ஒரு நரி, வழியெல்லாம் தாகத்தில் கிடக்கிற ஊர்கள் என்று கதை போனது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அரசி வந்தாள். "அந்த அலகான அரசி சிம்மாசனத்திலிருந்து இறங்கினாள்" என்று தவசி படித்ததும் நாச்சி எழுந்து உட்கார்ந்தாள்.

"அலகா? காக்காவுக்கு இருக்குமே, அந்த அலகாப்பா?"

புத்தகத்தில் அழகான என்றுதான் இருந்தது. தவசிக்குக் காது சூடானது. திருத்திச் சொல்லலாம் என்றால் திருத்தினாலும் அதேதான் வரும். அதற்குள் நாச்சி சிலேட்டை எடுத்து, பட்டுப்புடவை கட்டி, கிரீடம் வைத்து, ஒரு முழ நீளத்துக்கு அலகு வைத்த அரசியை வரைந்து முடித்திருந்தாள். அன்றிலிருந்து அரசி கோபம் வந்தால் மந்திரிகளைக் கொத்தினாள். நரிக்கு மூன்று வால் ஏன் என்று எழுதியவர் எங்கேயும் சொல்லவில்லை, ஆனால் ஊர் ஊராக ஜனங்கள் அதை வாழ்த்துகிற இடத்தில் தவசி "நரியே, நீ வால்க! நீ வால்க!" என்று உரக்கப் படிக்க, நாச்சி கட்டிலில் குதித்தாள்.

"அதான்! அதான்ப்பா மூணு வால்! யாராச்சும் வால்கன்னு சொன்னா ஒண்ணு மொளைக்குது!"

தவசி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குத் தட்டுப்பட்டது, தன் நாக்கை வைத்து ஒருத்தர் சிரிக்க, கூடவே தானும் சிரிப்பது இதுதான் முதல் தடவை என்று. நெஞ்சு நிறைந்துபோனது மனுசருக்கு. அடுத்த நாளிலிருந்து மில்லைச் சீக்கிரம் பூட்டினார். மிளகாய்ப் பையோடு வந்தவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டால், கதை படிக்கப் போயிருக்கார் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் படித்த பகுதி இப்படி முடிந்தது: நரி ஊரின் நடுவில் நின்று வானத்தைப் பார்த்து ஊளையிட்டது, மறுநாள் விடிந்தபோது அந்த ஊருக்கு மழை வந்திருந்தது. தவசி படித்தார்: "மறுநாள் விடிந்தபோது அந்த ஊருக்கு மலை வந்திருந்தது."

"மலை எப்பிடிப்பா வரும்? நடந்தா?"

"புத்தகத்துல வருது ஆத்தா. நாம என்ன செய்ய?"

நாச்சி அதை ஒப்புக்கொண்டு தூங்கிப்போனாள்.

காலையில் முதலில் மோதியவர் பால்காரர் இருளப்பன். அவர் அந்த ரோட்டில் பாதிக் கண்ணை மூடிக்கொண்டே சைக்கிள் விடுகிறவர். முன்சக்கரம் மலையில் இடித்து, ஆள் ஒரு பக்கமும் பால் கேன் ஒரு பக்கமும் விழ, எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு அண்ணாந்து பார்த்து, "எவன்டா இத ரோட்டுல கொண்டாந்து வச்சது?" என்று கத்தினார். மலை அதையே திருப்பிச் சொன்னது. அதுவரை எதிரொலி கேட்டிராத இருளப்பன், தன்னை யாரோ கேலி செய்கிறார்கள் என்று அரை மணி நேரம் மலையோடு சண்டை போட்டார்.

ஊர் ஆச்சரியப்படவில்லை என்றால் பொய். ஆச்சரியப்பட்டார்கள், நூறு நாள் வேலைக்குக் கூப்பிடும்வரை. அதற்குப் பிறகு அவரவர் பாட்டைப் பார்த்தார்கள். மலையும் ஒன்றும் பெரிய மலையில்லை. பாறையும் முள்ளும் ஓணானும் தேனடையும், ஒரு மலைக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் கொண்டு, நெடுங்காலமாக அங்கேயே இருந்த தோரணையில் உட்கார்ந்திருந்தது. ஆடுகள் முதல் நாளே ஏறின, இறங்க மனமில்லாமல் மேலேயே அசைபோட்டன, மேய்க்கிறவர்கள் கீழே நின்று கெஞ்சினார்கள். பெண்கள் மிளகாயைப் பாறைச் சரிவில் காயப்போட்டுப் பார்த்தார்கள், களத்தைவிட வேகமாகக் காய்ந்தது. ஒரு வாரத்தில் மலையின் ஒரு பக்கம் முழுக்கச் சிவந்தது. மலை இருந்தால் முருகன் இருக்கவேண்டும் என்று சில பேர் உச்சியில் வேல் நட்டார்கள், அதற்குப் பக்கத்திலேயே பச்சைத் துணி போர்த்திய ஒரு கல்லும் அதற்குப் பக்கத்தில் ஒரு சிலுவையும் வந்து சேர்ந்தன, மூன்றுக்கும் ஒரே ஆள் எண்ணெய் ஊற்றினார். கட்சிக்கொடிகளைக் காற்று பிய்த்துவிட்டது. தாசில்தார் ஜீப்பில் வந்து, அண்ணாந்து பார்த்து, கழுத்து பிடித்துக்கொண்டு, தைலம் கேட்டு வாங்கித் தேய்த்துக்கொண்டு போனார். ஊர்க்காரர்கள் பிரேக் இல்லாத சைக்கிள்களில் சரிவில் இறங்கி, முட்டி பெயர்ந்து, பிரேக் மாட்டச் சைக்கிள் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள், இருளப்பனும் நின்றார். வெயில் தாமதமாக வருவதால் பள்ளிக்கூடம் தாமதமாகத் திறந்தது. புருசனைத் திட்ட வழியில்லாத பெண்கள் சாயங்காலம் அடிவாரத்துக்குப் போய் மலையைத் திட்டிவிட்டு, அது திருப்பித் திட்டியதும் மனசு லேசாகித் திரும்பினார்கள்.

ஒரே ஒரு தொந்தரவு உண்டு. தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போகிற தார் ரோட்டின் மேலேயே மலை உட்கார்ந்திருந்தது. பஸ்ஸும் ஆட்டோவும் கண்மாய்க்கரை மண்பாதையில் சுற்றிக்கொண்டு போகவேண்டி வந்தது. காய்ந்து கிடக்கிற பாதைதானே, போய்க்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

யாரால் வந்தது என்பதை நாச்சி மறைக்கவில்லை. எங்கப்பா படிச்சாங்க, வந்துச்சு என்று வகுப்பிலேயே சொல்லிவிட்டாள். பிள்ளைகள் வீட்டில் சொன்னார்கள், வீடுகள் டீக்கடையில் சொல்லின, அன்றைக்கே மலைக்குத் தவசி மலை என்று பெயர் விழுந்தது. மில்லுக்கு வந்த பஞ்சாயத்துத் தலைவர் குமரையா மோட்டாரை நிறுத்தச் சொல்லி, தவசியை ஏற இறங்கப் பார்த்தார்.

"புத்தகத்துல என்னன்னுப்பு இருந்துச்சு?"

தவசி விரலால் அந்த வரியைக் காட்டினார். குமரையா படித்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"படிச்சதுதான் படிச்ச, ஒளுங்கா மளைன்னு படிச்சிருக்கக் கூடாதா? ஊரே தண்ணியில்லாமக் கெடக்கு, இவரு மலையக் கொண்டாந்து வச்சிருக்காரு."

அன்றிலிருந்து தவசியின் நாக்கு ஊர்ப்பொதுவாகிவிட்டது. தேன் தடவச் சொன்னார்கள், கூழாங்கல்லை வாயில் போடச் சொன்னார்கள், வசம்பு உரசிக்கொண்டுவந்து நீட்டினார்கள். செண்பகவல்லி டீச்சர் மட்டும்தான் உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தார். தினமும் மத்தியானம் மில்லுக்கு வந்து தவசி முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, "நாக்கு நுனியப் பின்னால மடிங்க. மேல தொடப் போற மாதிரி போயி, தொடாம நின்னுக்கணும். ம், இப்பச் சொல்லுங்க" என்பார். தவசி வேர்த்து விறுவிறுத்துச் சொல்வார். மலை என்றுதான் வரும். ஒவ்வொரு தடவை அது வரும்போதும் வாசலில் நின்று கேட்கிற கூட்டம் திரும்பிக் கிழக்கே பார்க்கும், இன்னொன்று வந்துவிட்டதா என்று. இதிலேயே டீக்கடை இரண்டாகப் பிரிந்தது. அவர் பழகித்தான் ஆகவேண்டும் என்றது ஒரு பக்கம். ஒரு மலைக்கே இடம் பத்தவில்லை, அந்த மனுசன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்றது இன்னொரு பக்கம். டீக்கடைக்காரர் வழக்கம்போல எந்தப் பக்கமும் சேரவில்லை.

ஒருநாள் யாருமில்லாதபோது தவசி அடிவாரத்துக்குப் போனார். நாக்கை மடித்து, தொடாமல் நிறுத்தி, முழுப் பலத்தோடு கத்தினார். மலை, மலை, மலை என்று அது தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டது. பாறையில் உட்கார்ந்து சின்னப்பிள்ளைபோல அழுதார்.

அப்போதும் சாயங்காலக் கதை மட்டும் நிற்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு படித்தார்கள். அது நின்றது, கடைசி அத்தியாயத்தைத் தவசி முன்கூட்டியே புரட்டிப் பார்த்த அன்று. நாச்சி பள்ளிக்கூடத்தில் இருந்தாள், பூரணம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முடிவில் குழலி மலைக்குகையில் மாட்டிக்கொண்டு வழி தேடுகிறாள். பக்கம் முழுக்க வழி, வழி என்றே இருந்தது. 'காத்திருந்தவளுக்கு வழி பிறந்தது' என்று ஒரு வரி. மனசுக்குள்தான் படித்தார், ஆனாலும் உதடு அசைந்து அது வலி என்று வரப்பார்த்தது. கட்டிலைப் பார்த்தார். பூரணம் வயிற்றில் கைவைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு மலையையே கொண்டுவந்த நாக்கு இது, நாள் நிறையாத இவளுக்கு வலியைக் கொண்டுவந்துவிட்டால்? தவசி பக்கத்தை மூடினார். புத்தகத்தைத் தூக்கிப் பரண்மேல், பழைய சல்லடைகளுக்குப் பின்னால் போட்டார்.

"கதை முடிஞ்சிருச்சு ஆத்தா" என்றார் சாயங்காலம்.

"இன்னும் பக்கம் இருந்துச்சேப்பா."

"அது சும்மா வெத்துப் பக்கம்."

நாச்சி நம்பவில்லை. அழவும் இல்லை. பரணுக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு ஏறி எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினாள். அம்மாவிடம் போய் நடுவிலிருந்து ஏதாவது கதையாகச் சொல்லச் சொன்னாள். பூரணத்துக்கு ழ சுத்தமாக வரும். மூச்சு வாங்கிக்கொண்டே, அழகான அரசி சிம்மாசனத்திலிருந்து இறங்கினாள் என்று ஆரம்பித்தாள். நாச்சி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அம்மா சொன்னா அரசிக்கு அலகே இல்ல" என்று எழுந்து போய்விட்டாள். சிலேட்டில் இருந்த அரசியைத் துடைக்காமல், அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள். தவசி மில்லை மறுபடி இருட்டும்வரை ஓட்டினார். சத்தம் இருந்தது, வேறொன்றும் இல்லை.

நாள் நிறைந்தது. நிறைந்து, தாண்டியும் போனது. வலி வரவில்லை. நர்ஸம்மா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்து முகம் சுருக்கினார்.

"இன்னிக்குள்ள வலி வரலைன்னா நாளைக்குக் காலையில தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. ஆபரேசன்தான். இதுக்கு மேல தள்ளக்கூடாது, குழந்தைக்கு நல்லதில்ல."

அவர் போனபிறகு பூரணம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கத்தி என்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பயம், கோழி அறுக்கிற இடத்தில்கூட நிற்கமாட்டாள். தவசி அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே, அன்றைக்கு என்னவோ, கடல் பக்கமிருந்து வந்த மேகங்கள் எப்போதும்போல ஊரைத் தாண்டிப் போகாமல் மலையில் முட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கருத்து நின்றன. மலை மேகத்தைத் தடுக்கும் என்று செண்பகவல்லி டீச்சர் வருசா வருசம் ஐந்தாம் வகுப்பில் நடத்துகிற பாடம்தான். மலை இல்லாத ஊரில் யார் அதைக் காதில் வாங்கினார்கள்?

"என்னங்க" என்றாள் பூரணம். "புத்தகத்த ஏன் பரண்ல போட்டீங்க? புள்ள மொகம் செத்துப்போயிக் கெடக்கு."

தவசி சொன்னார். கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கிறது, தன் வாயில் அது என்னவாக வரும், அன்றைக்குப் பயந்துபோனது எல்லாவற்றையும் சொன்னார். பூரணம் கேட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அட கூறுகெட்ட மனுசா! அன்னிக்குப் பயந்தீங்க, சரி. இன்னிக்கு எனக்கு அந்த வலிதானங்க வேணும்? எடுங்க அத. நாச்சி, அப்பாவுக்கு ஸ்டூலப் போடு."

நாச்சி ஸ்டூலைப் போட்ட வேகத்தில் அது ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

மூன்று பேரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்தார்கள். புத்தகத்தில் சல்லடை மாவு படிந்திருந்தது, நாச்சி பாவாடையால் துடைத்துக் கொடுத்தாள். தவசி படிக்க ஆரம்பித்தார். பல நாள் கழித்து நரி பேசியது, அரசி கொத்தினாள், குலலி குகைக்குள் ஓடினாள். அந்த வரி நெருங்கியது. தப்பாக வரவேண்டுமே, தப்பாக வரவேண்டுமே என்று நினைத்துக்கொண்டே போனவர், எத்தனையோ மத்தியானங்கள் பழகிய பழக்கத்தில், தன்னை அறியாமல் நாக்கை மடித்து, தொடப்போகிற மாதிரி கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார்.

"காத்திருந்தவளுக்கு வழி பிறந்தது."

சுத்தமான ழ. செண்பகவல்லி டீச்சர் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பார். பூரணம் அவரைப் பார்த்தாள், நாச்சி அவரைப் பார்த்தாள், அவர் புத்தகத்தைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க வராத எழுத்து, வேண்டாத ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கேயோ கிழக்கில் குடுகுடுவென்று ஒரு சத்தம், இடி என்று நினைத்தார்கள். பூரணத்தின் வயிறு அப்படியே இருந்தது.

"போச்சு" என்றார் தவசி. புத்தகத்தை மடியில் இறக்கினார். "நல்லா வந்துருச்சே பூரணம். கெட்டுப்போச்சே."

நாச்சி அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அப்பா, டீச்சர் மாதிரி படிக்காதீங்க. எங்கப்பா மாதிரி படிங்க."

தவசி மகள் முகத்தைப் பார்த்தார். அலகு வைத்த அரசியை வரைந்தவள், நரிக்கு வால் முளைத்த காரணத்தைக் கண்டுபிடித்தவள், ஊரே சிரித்த நாக்கைக் கேட்க ஓடிவந்து உட்கார்ந்தவள். அவளைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் நாக்கை எப்படி வைப்பது என்பது மறந்துபோனது.

"காத்திருந்தவலுக்கு வலி பிறந்தது" என்றார். அவசரத்தில் ளவும் போய்விட்டது.

பூரணம் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்தாள். "என்னங்க" என்றாள். இந்த என்னங்க வேறு மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் வானமும் திறந்தது. மேகம் மலைமேல் கிடந்த பாரத்தையெல்லாம் ஒரேயடியாக இறக்கிவைக்க, ஓட்டின்மேல் முதல் துளிகள் விழுந்தபோது கல்லெறிகிறார்கள் என்று நினைத்துப் பாதி ஊர் வெளியே வந்து திட்டியது, மீதி ஊர் வெளியே வந்து நனைந்தது. தவசிக்கு நனையவோ சந்தோசப்படவோ நேரமில்லை. ஆட்டோக்கார ஜபருல்லா வீட்டுக் கதவைத் தட்டினார். ஜபருல்லா வானத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கண்மாய்க்கரை கரிசலுண்ணே. இந்த மளையில டயரு பொதஞ்சா எந்திரிக்காது."

"வேற வலி?"

"வேற எங்கண்ணே இருக்கு? ரோட்டு மேலதான் ஒங்க மலை ஒக்காந்திருக்கே."

தவசி ஆட்டோவை வீட்டு வாசலுக்கு எடுத்துவரச் சொன்னார். வலியைக் கூப்பிட்டுக்கொண்டுவந்தாயிற்று, இனி அதைத் திருப்பி அனுப்ப முடியாது. போக வழியை மறித்து நிற்பதும் தான் கூப்பிட்டு வந்ததுதான். இந்த நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று நினைத்துக்கொண்டே பூரணத்தைத் தாங்கி ஏற்றினார். நாச்சி புத்தகத்தை மில் பையில் சுற்றிக்கொண்டு முன்னால் ஏறிக்கொண்டாள். கரைப்பாதைக்குத் திரும்புகிற இடம்வரைக்கும் தார் ரோடுதான். திரும்பப்போன ஜபருல்லா திரும்பவில்லை. வைப்பரைப் போட்டு ஒருதரம் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

மலை நடுவில் பிளந்திருந்தது. சுத்தமாக, ஒரு ஆட்டோ போகிற அகலத்துக்கு. உள்ளே பழைய தார் ரோடு, நடுவில் போட்ட வெள்ளைக்கோடுகூட அழியாமல், மழையில் கழுவிவிட்டதுபோலக் கிடந்தது.

"வளி இருக்குண்ணே" என்றார் ஜபருல்லா, வேகத்தைக் குறைக்காமலே.

"அது அப்பா மொதத் தடவ படிச்சது" என்றாள் நாச்சி.

இரண்டு பக்கமும் பாறை, பாறையில் வழிகிற தண்ணீர், நடுவில் ஆட்டோ. தவசி பூரணத்தின் கையைப் பிடித்திருந்தார், பூரணம் அவர் கையை எலும்பு நொறுங்குகிற மாதிரி பிடித்திருந்தாள். கெட்டுப்போனது என்று நினைத்த வரியும் கெட்டுப்போகவில்லை, சரியாக வந்ததும் தேவைப்பட்டது, தப்பாக வந்ததும் தேவைப்பட்டது. அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னார். மலை அதை இரண்டு பக்கமும் திருப்பிச் சொன்னது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம், கத்தி எதுவும் இல்லாமல், பையன் பிறந்தான். பூரணம் களைத்துப்போன முகத்தோடு சிரித்தாள். தவசி வார்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல் அழுதார். இந்தத் தடவை அழுதது வேறு. வெளியே தகரக் கூரையில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. பிளவு வழியாகப் பின்னாலேயே வந்துவிட்ட குமரையாவும் இருளப்பனும் டீச்சரும் சொட்டச் சொட்ட நின்று குழந்தையைப் பார்த்தார்கள். நாச்சி பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அப்பா மடியில் வைத்தாள்.

"இன்னும் ஒரே ஒரு வரி இருக்குப்பா."

குமரையா எட்டிப் பார்த்தார். 'அதன்பிறகு அந்த ஊரில் மழைக்குக் குறைவே இல்லை' என்று எழுதியிருந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"வேணாம்ப்பு. ஒனக்குப் புண்ணியமாப் போகும். மளைதான் வந்துருச்சுல்ல, மூடி வச்சிரு."

"கதைய முடிக்காம வைக்கக் கூடாதுங்க" என்றாள் பூரணம் கட்டிலிலிருந்து. அதோடு பேச்சு முடிந்தது.

தவசி மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். டீச்சர் தன் நாக்கை மடித்துக் காட்டினார், குமரையா கண்ணை மூடிக்கொண்டார். தவசி படித்தார். மோட்டார் ஓடுகிற மில் தோற்றுப்போகிற சத்தத்தில் கூரைமேல் மழை அடித்துக்கொண்டிருந்ததால், ழவா லவா என்று அங்கே எவருக்கும் கேட்கவில்லை. அவர் கைக்குள் இருந்த நாச்சிக்கு மட்டும் கேட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எப்படிக் கேட்டும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில், கண்மாய் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் கலங்கல் வழியாக ஓடிக்கொண்டிருந்த நேரம், பால்காரர் இருளப்பன் பிளவு வழியாகப் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு சைக்கிளில் வந்தார். வெளியே வந்ததும் ரோட்டோரத்தில், பெரிய மலையை ஒட்டி, ஒரு கன்றுக்குட்டி உயரத்துக்கு இன்னொரு மலை நின்றது. உச்சியில் புல் முளைத்து, ஈரம் காயாமல் இருந்தது. இருளப்பன் பிரேக்கைப் பிடித்து இறங்கினார். அதை ஒருதரம் சுற்றிப் பார்த்து, முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, பால் ஊற்றப் போனார்.